அடுத்த சனிக்கிழமைக்கான கையெழுத்து

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் பத்திரிகை கைக்கு வராதவர்களுக்கும், வந்தும் படிக்காமல் தூங்கிப்போனவர்களுக்கும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். நோய்க்காலமானாலும் பிள்ளைகளுக்கு பேஸ்பால் சீசன் நடத்தியே தீருவது என்று பெற்றோர்கள் கூடி முடிவு செய்தார்கள். பாதுகாப்பாக நடத்த யார் பொறுப்பு என்று கேட்டபோது எல்லோரும் குனிந்து அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். பார்க்கத் தவறியவள் நம் கதாநாயகி. பல் டாக்டரிடம் உதவியாளர். மாஸ்க் போடத் தெரிந்தவள் என்ற ஒரே தகுதியில் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு, "தள்ளி நில்லு, தள்ளி நில்லு" என்று ஊதி ஊதி, பிள்ளைகளிடம் விசிலம்மா என்று பெயர் வாங்கிவிட்டாள்.

போன சனிக்கிழமை அந்த விசிலம்மா தன் சொந்த நாத்தனார் மகளையே மைதான வாசலில் நிறுத்திவிட்டாள். அந்தப் பெண்தான் அணியின் ஒரே நல்ல பிட்சர். இடது கையால் பந்து வீசுவதால் இடக்கை என்றே அவளுக்குப் பெயர். வாசலில் கொடுக்க வேண்டிய நோய்க் கேள்வித்தாளில் ஐந்து கேள்விக்கும் பதில் எழுதியிருந்தாள். அம்மாவின் கையெழுத்து மட்டும் இல்லை. பேக்கரியில் விடிகாலை வேலைக்கு ஓடிய நாத்தனார் போட மறந்துவிட்டாள். பெண் மூன்று மணி நேரம் கார் நிறுத்தும் இடத்தில் ஒரு சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்து, கம்பி வேலி வழியாகத் தன் அணி தோற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மாலை முதல் அண்ணிக்கும் நாத்தனாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இப்போது இந்த சனிக்கிழமைக்கு வருவோம்.

விடிந்தும் விடியாத நேரத்தில் விசிலம்மா நான்காவது தடவையாக மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தாள். கிருமிநாசினி இரண்டு கேன், ஆரஞ்சு நிறக் கூம்புகள் ஒரு அடுக்கு, பந்து துடைக்கும் துணிமூட்டை, நெற்றிக்கு நேரே பிடிக்கிற தெர்மாமீட்டர், பேப்பர்கள் திணித்த ஃபைல். வாரம் முழுக்க டாக்டர் பக்கத்தில் இரட்டை மாஸ்க்கோடு நின்று இரண்டு காதுக்குப் பின்னாலும் புண். விரல் இடுக்கெல்லாம் கிருமிநாசினி பட்டு வெடித்திருந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், யாரையும் எதுவும் கேட்காமல் படுத்துக் கிடக்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

"ஏங்க, கூம்பு ஒண்ணு குறையுது."

"ஒரு கூம்பு குறைஞ்சா உலகம் முழுகிடாது. வண்டில ஏறு," என்றார் அவள் கணவர். ஐந்து நாள் நகரப் பேருந்து ஓட்டுகிறவர், ஆறாவது நாள் பிள்ளைகளுக்கு கோச். டிரைவர் இருக்கையைச் சுற்றி பிளாஸ்டிக் திரை கட்டிய பிறகு அவருக்குப் பயணிகளோடு பேசுவதும் போய்விட்டது. வீட்டில் பேசுவதும் குறைந்துவிட்டது.

அவர்கள் மகள் கேட்சர் முட்டிக்காப்பை ஒரு கையிலும் ஹெல்மெட்டை இன்னொரு கையிலும் பிடித்தபடி படியில் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு வயது. அவளைத் தாண்டி ஒரு பந்தும் பின்னால் போகாது என்பதால் அணியில் அவளுக்குப் பூட்டு என்று பெயர்.

"அம்மா, தொண்டை ஒரு மாதிரி கரகரங்குது."

"தண்ணி குடி. கிளவுஸ் எடுத்தியா?"

"எடுத்துட்டேன்."

"அப்ப ஏறு."

பூட்டு தண்ணீர் குடித்தாள். அம்மாவிடம் சொல்லியாகிவிட்டது, அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அப்படியானால் ஒன்றுமில்லை என்று நிம்மதியாக வண்டியில் ஏறிக்கொண்டாள். பிள்ளைகள் இப்படித்தான் நம்மை நம்புகிறார்கள்.

வழியில் கோச் மெதுவாக ஆரம்பித்தார்.

"இன்னிக்கு தங்கச்சி லீவு போட்டுட்டு வர்றாளாம். நீயா ரெண்டு வார்த்தை பேசிடேன்."

"நான் என்ன தப்பு பண்ணேன்? கையெழுத்து இல்லாம உள்ள விடக் கூடாதுன்னு விதி."

"விதி எழுதினது நீதானே."

"அதனாலதான் மீற முடியல."

அவர் சிக்னலில் பச்சை விழும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்: "அவ வீட்டுக்காரர் நாப்பது நாள் ஆஸ்பத்திரில கிடந்து வந்தவரு. இன்னும் ஜன்னலோரம் ஆக்ஸிஜன் மெஷினை வச்சுக்கிட்டுதான் மூச்சு விடுறாரு. இந்த நோயைப் பத்தி அவளுக்கு நாம பாடம் எடுத்த மாதிரி ஆயிடுச்சு. அதான் அவளுக்கு ஆத்திரம்."

விசிலம்மாவுக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் வாரம் முழுக்கத் தூக்கம் சரியில்லை. ஆனால் இறங்கிப் போகிற தெம்பு அவளிடம் இல்லை. களைத்துப்போனவர்களுக்கு மன்னிப்புக் கேட்பதும் ஒரு வேலையாகத் தெரியும்.

மைதான வாசலில் மடக்குமேசை போட்டு, கூம்புகளை ஆறடிக்கு ஒன்றாக வைத்து முடிப்பதற்குள் பிள்ளைகள் வரிசை கட்டிவிட்டார்கள். தெர்மாமீட்டரை நெற்றிக்கு நேரே நீட்டுவாள். பேப்பரை வாங்குவாள். அதோடு விடமாட்டாள், ஐந்து கேள்வியையும் வாயாலும் கேட்பாள்.

"காய்ச்சல்?"

"இல்ல."

"இருமல்?"

"இல்ல ஆன்ட்டி."

"தொண்டைல வலி, கரகரப்பு? வாசனை, ருசி தெரியாமப் போச்சா? ஏழு நாள்ல வேற யார் வீட்டுக்குள்ளயாவது போனியா?"

"ஆன்ட்டி, எங்க வீட்டுலயே என்னைச் சமையலறைக்குள்ள விடறதில்ல," என்றான் ஒரு வாலு. வரிசை சிரித்தது. விசிலம்மா சிரிக்கவில்லை. "பதில் மட்டும் சொல்லு."

பூட்டு வரிசையில் நிற்கவில்லை. அவள் ஏற்கெனவே அப்பாவோடு உள்ளே போய் பந்து வாளிகளை இறக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய பேப்பரை விசிலம்மா ஃபைலிலிருந்து உருவி மற்றதோடு சேர்த்து வைத்தாள். அது எப்போது எழுதிய பேப்பர் என்பதை அந்த நேரத்தில் அவளே நினைத்துப் பார்க்கவில்லை.

கடைசியாக வந்தாள் நாத்தனார், பின்னால் இடக்கையோடு. முகத்தில் பாதியை மாஸ்க் மறைத்தாலும் மீதிப் பாதியே போதுமானதாக இருந்தது. பேப்பரை இரண்டு விரலால் நீட்டினாள்.

"மூணு இடத்துல கையெழுத்து போட்டிருக்கேன் அண்ணி. போதுமா, இல்ல கைரேகையும் வைக்கணுமா?"

"ஒரு இடத்துல போதும்."

"எதுக்கும் இருக்கட்டும். நாளைக்கு நீங்க விதியை மாத்திட்டீங்கன்னா?"

விசிலம்மா தெர்மாமீட்டரை இடக்கையின் நெற்றிக்கு நேரே பிடித்தாள். "போன வாரம்…" என்று ஆரம்பித்தாள்.

"போன வாரம் முடிஞ்சுபோச்சு," என்று நாத்தனார் மடக்குநாற்காலியைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இன்றைய ஆட்டம் என்ன ஆட்டம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜெயித்தால் அடுத்த சனிக்கிழமை இறுதிப் போட்டி. தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மைதானம் இவர்களுக்கு இந்த மாதக் கடைசிவரைதான். அடுத்த வருடம் இடக்கை பெரிய பிள்ளைகள் பிரிவுக்குப் போய்விடுவாள். இரண்டு பெண்களும் சேர்ந்து ஆடுவது இந்த சீசனோடு சரி. போன வருடம் சீசனே இல்லாமல் போனது. பூட்டு அந்த வருடம் முழுக்க வீட்டுச் சுவரில் பந்தை எறிந்து தானே பிடித்துக்கொண்டிருந்தாள். அடி விழுந்து விழுந்து சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்தது, யாரும் அவளைத் திட்டவில்லை.

ஆட்டமும் பழைய ஆட்டம் இல்லை. பிள்ளைகள் நெருக்கியடித்து உட்காரும் கொட்டகையை மூடிவிட்டிருந்தார்கள். வேலியோரம் கவிழ்த்துப் போட்ட வாளிகளில் ஆறடிக்கு ஒருவராக உட்கார்ந்தார்கள். கேட்சரின் முதுகில் மூச்சுவிட்டுக்கொண்டு நிற்கும் அம்பயர் இப்போது பிட்சருக்குப் பின்னால், தள்ளி நின்றார். ஓய்வு பெற்ற தபால்காரர், சர்க்கரை நோய் உள்ளவர். ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிந்ததும் விசிலம்மா பந்துகளை மாற்றித் துடைத்தாள். கையோடு கை தட்டக் கூடாது, துப்பக் கூடாது, விரலை நக்கக் கூடாது.

இந்தக் கடைசி விதி இடக்கைக்குப் பெரிய தொந்தரவு. வீசுவதற்கு முன்னால் விரல் நுனியை நாக்கில் தொட்டுக்கொள்வது அவள் பழக்கம். ஏழு வயதில் வந்தது, ஒரு விதி சொல்லிப் போகுமா? சீசன் தொடக்கத்தில் அதற்காகவே விசிலம்மா அவளைப் பார்த்து முப்பது தடவையாவது ஊதியிருப்பாள்.

இடக்கை அன்று ஒரு வாரத்துக் கோபத்தையும் சேர்த்து வீசினாள். பூட்டு ஒரு பந்தையும் விடவில்லை. பிடிப்பாள், எழுவாள், திருப்பி எறிவாள், குந்துவாள். பெரியவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பெற்ற இரண்டும் கண்ணாலேயே பேசிக்கொண்டு விளையாடின. கடைசி இன்னிங்ஸ் வந்தபோது இவர்கள் இரண்டு ரன் முன்னால் இருந்தார்கள்.

விசிலம்மா மேசையை மடக்கக் கிளம்பினாள். ஃபைலின் மேல் பாரத்துக்கு வைத்திருந்த கேனை எடுத்த அதே நேரத்தில் காற்றடித்தது. பேப்பர்கள் பறந்தன. வேலியோரம் ஓடி ஓடிப் பொறுக்கினாள். ஒன்று மட்டும் உருண்டு போய் நாத்தனாரின் நாற்காலிக் காலில் ஒட்டிக்கொண்டது.

நாத்தனார் எடுத்தாள். திருப்பிக் கொடுக்கத்தான் எடுத்தாள். கண்ணில் பட்டதைப் படித்தாள். பிறகு மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

"அண்ணி."

ஏழு நாள் கழித்து வந்த முதல் சண்டையில்லாத வார்த்தை.

"இது அடுத்த சனிக்கிழமை பேப்பர். பூட்டு பேரு, தேதி, அஞ்சு கேள்விக்கும் இல்லைன்னு டிக், கீழ உங்க கையெழுத்து." அவள் குரலை உயர்த்தவில்லை. "அடுத்த சனிக்கிழமை அவளுக்குக் காய்ச்சல் இருக்காதுன்னு உங்களுக்கு இப்பவே எப்படித் தெரியும்?"

விசிலம்மா முகத்தில் ஈயாடவில்லை.

நடந்தது இதுதான். மூன்று வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து மணி நேரம் டாக்டரிடம் நின்றுவிட்டு வந்து, மற்ற பிள்ளைகளுக்காகப் பேப்பர் நகல் எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். தன் பெண்ணுக்கு வாராவாரம் அதே பதில்தானே என்று தோன்றியது. மிச்சமிருந்த சனிக்கிழமைகளுக்கெல்லாம் தேதி போட்டு, டிக் போட்டு, கையெழுத்தும் போட்டு ஃபைலில் சொருகிவிட்டாள். ஒரு வேலை குறைந்தது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு தூங்கிப்போனாள். கையெழுத்து இல்லை என்று ஒரு பெண்ணைச் சிமெண்டுக் கட்டையில் உட்கார வைத்த அன்றும் அவள் ஃபைலில் இந்தப் பேப்பர்கள் இருந்தன.

"களைப்புல… ஒரே மூச்சுல எழுதிட்டேன்," என்றாள்.

நாத்தனார் பேப்பரை நான்காக மடித்தாள். கூட்டத்தைக் கூட்டுவாள் என்று விசிலம்மா எதிர்பார்த்தாள், அவள் இடத்தில் நானாக இருந்தால் கூட்டியிருப்பேன். நாத்தனார் பேப்பரை அவள் கையில் கொடுத்தாள்.

"நான் யார்கிட்டயும் சொல்லப்போறதில்ல. எனக்கும் களைப்புன்னா என்னன்னு தெரியும் அண்ணி. அதை நீங்க போன வாரம் தெரிஞ்சுக்கிட்டிருக்கலாம்."

அதோடு முடிந்திருக்கும். மடித்த பேப்பர் கைப்பைக்குள் போயிருக்கும், இரண்டு பேரும் மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்திருப்பார்கள். ஆனால் அந்தப் பேப்பரின் மூன்றாவது கேள்வி விசிலம்மாவின் கண்ணில் நின்றுவிட்டது. தொண்டையில் வலி, கரகரப்பு?

தண்ணி குடி. கிளவுஸ் எடுத்தியா?

அவள் திரும்பி மைதானத்தைப் பார்த்தாள். ஒரு அவுட் விழுந்திருந்தது. இன்னும் இரண்டு அவுட் போதும். பூட்டு ஹெல்மெட்டை ஏற்றி, முழங்கையை வாயருகே கொண்டுபோய் இருமினாள். சின்ன இருமல். பிறகு மாஸ்க்கைக் கையால் சரிசெய்துகொண்டு, அதே கையால் பந்தை எடுத்து இடக்கைக்கு எறிந்தாள். இடக்கை பிடித்தாள். ஆட்டத்தின் சூட்டில் விதியெல்லாம் மறந்து, மாஸ்க்கை இறக்கி, விரல் நுனியை நாக்கில் தொட்டாள்.

அந்த விரல் வீட்டுக்குப் போய் அப்பாவின் ஜன்னலோரத்து மெஷினின் குழாயைச் சரிசெய்யப்போகும் விரல்.

விசில் சத்தம் கேட்டு இடக்கை திடுக்கிட்டு, "சாரி அத்தை, இனிமே நக்கமாட்டேன்!" என்று கத்தினாள். விசிலம்மா நிறுத்தாமல் ஊதிக்கொண்டே மைதானத்துக்குள் நடந்தாள். சீசனில் ஒரு தடவைகூட ஆட்டம் நடக்கும்போது அவள் கோட்டைத் தாண்டியதில்லை.

கோச் ஓடி வந்தார். "என்ன ஆச்சு?"

"நிறுத்துங்க. பூட்டுக்குத் தொண்டை கரகரப்பு, இருமல். காலைல என்கிட்ட சொன்னா. நான் காதுல வாங்கல."

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. நான்காவது விதி அவருக்கும் மனப்பாடம். அணியில் ஒருவருக்கு அறிகுறி என்றால் பத்து நாள் அந்த அணி ஆடக் கூடாது. பத்து நாளில் மாதம் முடிந்துவிடும், சீசனும் முடிந்துவிடும்.

"ரெண்டே அவுட்டும்மா," என்றார் தாழ்ந்த குரலில். "அஞ்சு நிமிஷம். காலைலேர்ந்து பந்து கை மாறிக்கிட்டுதான் இருக்கு, இன்னும் அஞ்சு நிமிஷத்துல என்ன வந்துடப்போகுது? ஜெயிச்சோம்ங்கிற நினைப்பாவது அதுங்களுக்கு மிஞ்சட்டும்."

அவளுக்கும் அது தோன்றாமலில்லை. அஞ்சு நிமிஷம் கொடுத்துவிடு என்று உடம்பில் இருந்த களைப்பெல்லாம் கெஞ்சியது.

"போன வாரம் உங்க தங்கச்சி அஞ்சு நிமிஷம் கேட்டா. போன்ல. வந்து கையெழுத்துப் போட்டுடறேன், அதுவரைக்கும் பொண்ணை உள்ள விடுங்கன்னு. நான் விடல."

கோச் தொப்பியைக் கழற்றினார். அம்பயரைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

விசிலம்மா கையில் பிடிக்கும் மைக்கை எடுத்தாள்.

"எல்லாரும் கேளுங்க. ஆட்டம் நிக்குது. என் பொண்ணுக்குக் காலைலேர்ந்து தொண்டை சரியில்ல. உங்க பிள்ளைங்க எல்லாரையும் கேட்டேன், அவளை மட்டும் கேக்கல. அவ பேப்பரை மூணு வாரம் முன்னாடியே எழுதி வச்சுட்டேன். தப்பு என்னுடையது, அவளோடது இல்ல."

வேலிக்கு அந்தப்பக்கம் சலசலப்பு எழுந்தது. "எங்க பிள்ளையை மூக்கு ஒழுகுதுன்னு ரெண்டு வாரம் திருப்பி அனுப்பினாளே!" என்று ஒருத்தி எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். விசிலம்மா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். அம்பயர் மட்டும் போகிறபோது தள்ளி நின்று, "சொன்னியேம்மா, அது போதும்," என்றார். பந்து பட்ட தன் கையைப் பார்த்துக்கொண்டே அவர் போனதையும் அவள் கவனித்தாள்.

பூட்டு, பந்தடிப்பவர் நிற்கும் பிளேட்டுக்குப் பின்னால் குந்தியபடியே இருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"காலைலயே சொன்னேனேம்மா," என்றாள். அழுகையை ஹெல்மெட் மறைத்தது.

"சொன்ன. நான்தான் கேக்கல."

அதற்கு மேல் அருகே போய்க் கட்டிக்கொள்ளவும் விதி விடவில்லை.

கார் நிறுத்தும் இடத்தில் நாத்தனார் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். திட்டவில்லை. திட்டுவதற்கும் கொஞ்சம் உயிர் வேண்டுமே.

"அண்ணா, நான் இவளை எப்படி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறது?"

எலெக்ட்ரீஷியனாக ஊரெல்லாம் ஏணி ஏறிய அவள் கணவர், இப்போது கட்டிலிலிருந்து ஜன்னல்வரை நடந்தாலே நின்று மூச்சு வாங்குகிறவர். இன்னொரு தடவை அந்த நோய் அவர் தாங்கமாட்டார் என்று டாக்டர் சுற்றிவளைக்காமல் சொல்லியிருந்தார்.

"எங்க வீட்டுக்கு வா," என்றாள் விசிலம்மா. "திங்கக்கிழமை எல்லாருக்கும் டெஸ்ட். முடிவு வர்ற வரைக்கும் நீயும் இடக்கையும் கூடத்துல இருங்க. பூட்டு அவ அறைல தனியா இருப்பா. நாங்க… எங்கயாவது இருந்துக்கறோம்."

போக வேறு இடம் இல்லை, அது இரண்டு பேருக்கும் தெரியும். நாத்தனார் கணவருக்கு போன் செய்து ஸ்பீக்கரில் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள். பின்னால் மெஷினின் உர்ர்ர் சத்தம் மட்டும் கேட்டது.

"நான் பாத்துக்கறேன்… பக்கத்து வீட்டுல… சாப்பாடு வாசல்ல வச்சுடுவாங்க," என்றார் மூச்சு மூச்சாக. "எத்தனை ரன்?"

"ரெண்டு முன்னாடி இருந்தோம்ப்பா," என்றாள் இடக்கை.

"அப்ப ஜெயிச்ச மாதிரிதான்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "பூட்டு எப்படி இருக்கா? அவளை யாரும் திட்டாதீங்க," என்றார்.

மத்தியானம் மூன்று மணிக்கு அந்த இரண்டு அறை வீடு தலைகீழாகிக் கிடந்தது. ஜன்னலெல்லாம் திறந்து, சாப்பாட்டு மேசையைக் கூடத்தில் குறுக்கே போட்டு எல்லை கட்டியிருந்தார்கள். கோச் சமையலறைத் தரையில் பாயை விரித்து, சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். இடக்கை குளித்துவிட்டு அத்தையின் நைட்டியில் தொளதொளவென்று நின்றாள். ஒரே மாதிரி மாஸ்க் போட்டுக்கொண்டு, ஒரே மாதிரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அண்ணியும் நாத்தனாரும் ஒருவரையொருவர் முட்டாமல் நடந்தார்கள்.

"தலகாணி உறை எங்க இருக்கு?"

"மேல் தட்டுல."

"சோப்பு?"

"குளியலறை ஜன்னல்ல."

பேச்சு என்றால் இவ்வளவுதான். ஆனாலும் பேச்சு.

நாத்தனார் போர்வையை உதறிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்: "அண்ணி, புது பேப்பர் ஒண்ணு எடுங்க. இப்பவாவது அவளைக் கேளுங்க. ஒண்ணொண்ணா."

விசிலம்மா ஃபைலிலிருந்து எதுவும் எழுதாத பேப்பரை எடுத்தாள். பூட்டின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. நிலைப்படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபோது முழங்கால் இரண்டும் முனகின. கட்டிலில் மகள் ஆட்டத்துச் சட்டையைக்கூட மாற்றாமல், முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"காய்ச்சல் இருக்கா கண்ணு?"

"லேசா சுடற மாதிரி இருக்கு."

"இருமல்?"

"வெள்ளிக்கிழமை ராத்திரி வந்துச்சு. தூங்கிட்டேன்."

"தொண்டை?"

"கரகரப்பு. இப்ப வலியும் இருக்கு."

"வாசனை தெரியுதா?"

பூட்டு தலையணையை மோந்து பார்த்தாள். "தெரியுதும்மா."

இந்த ஒரு 'தெரியுது'வுக்கு விசிலம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பேனாவை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினாள். நாற்பது பிள்ளைகளை, சனிக்கிழமை தவறாமல், முகத்தைப் பார்க்காமல் கேட்டுப் பழகிய கேள்வி.

"ஏழு நாள்ல வேற யார் வீட்டுக்குள்ளயாவது போனியா?"



தலையை நிமிர்த்தினாள். பூட்டு அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, கூடத்தில் போர்வையின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு நின்ற அத்தையைப் பார்த்தாள்.

"போனியா?"

"வியாழக்கிழமை. ஸ்கூல் விட்டு." "அத்தை பேக்கரில ஓவர்டைம் பாக்கிற நேரம். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கலைல்ல… அதான் மாமாகிட்ட உனக்காக நான் சாரி சொல்லலாம்னு போனேன்."

வியாழன், வெள்ளி, சனி. விசிலம்மாவின் வெடித்த விரல்கள் பேனாவைச் சுற்றித் தாமாகவே எண்ணின. இருமல் வருவதற்கு ஒரு நாள் முன்னால், அப்போதே நோய் தொற்றும். ஐந்தாவது கேள்விக்கு 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். இந்த சீசனில் அந்தக் கட்டத்தில் விழுந்த முதல் டிக் அதுதான்.

போர்வை தரையில் கிடந்தது. நாத்தனார் எல்லை கட்டிய மேசைவரை வந்துவிட்டாள்.

"ஜன்னல் வழியாத்தானே பேசின? வெளில நின்னுதானே?"

"ஜன்னல்லதான் நின்னேன் அத்தை. அவர்தான் உள்ள வான்னாரு."

"மாஸ்க் போட்டிருந்தல்ல?"

பூட்டு முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"கழட்டச் சொன்னாரு. உன் முகத்தைப் பாத்து எத்தனை நாளாச்சுன்னாரு."